கேட் பாஸ் வேறு, முகம் வேறு

மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்று கேட்டுத் தொடங்குகிறது, சென்ற இதழில், திருச்சி பெல் ஆலையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் கைலாசபுரத்துப் பெரியவர் ஒருவர் எழுதிய கட்டுரை. திருச்சி நகரம் முழுக்க முகத்தை அடையாளம் காணும் கேமரா வைக்க வேண்டும், ஆதாரை எல்லாவற்றோடும் இணைக்க வேண்டும், காவல்துறை யாருடைய ஃபோனையாவது ஒட்டுக்கேட்க நினைத்தால் கேட்கட்டும், ஒழுங்காக வாழ்கிறவனுக்கு இதில் என்ன நஷ்டம் என்கிறார். எதிர்க்கிறவர்கள் எல்லாரும் ஒன்று குற்றவாளிகள், அல்லது குற்றவாளிகளுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் என்று தீர்ப்பும் எழுதிவிட்டார். அவர் வாழும் அதே டவுன்ஷிப்பில்தான் நானும் வாழ்கிறேன். அவருடைய வயதுக்கும் உழைப்புக்கும் என் மரியாதை உண்டு. அவர் எழுதிய வாதத்துக்கு அந்த மரியாதையைத் தர முடியாது. அதில் ஒரு வரிகூட உண்மையின் முன் நிற்காது.

முதலில் அந்தப் பழமொழி. மடியில் கனம் வைத்திருப்பவன் திருடன் அல்ல. உழைத்துச் சேர்த்த பணத்தை முடிந்துகொண்டு ஊருக்குப் போகிறவன். அவன் பயப்படுவது வழியில் நிற்கும் கள்வனுக்கு. பெரியவர் இதைத் தலைகீழாக்கி, பயப்படுகிறவனையே கள்வன் என்கிறார். அவர் கட்டுரை முழுவதும் இந்தப் புரட்டு ஓடுகிறது. அதிகாரம் வைத்திருப்பவர் நமக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்பதுதான் குடியாட்சியின் அடிப்படை. என்னைக் கண்காணிக்க வேண்டுமானால் ஏன், எந்தச் சட்டப்படி, எத்தனை நாளைக்கு என்று அரசு சொல்ல வேண்டும். பெரியவரோ, கண்காணிக்க வேண்டாம் என்கிற நான்தான் காரணம் சொல்ல வேண்டும் என்கிறார். குற்றம் சாட்டப்பட்டவனுக்குக்கூட இந்த நாட்டில் பொதுவாகத் தன் குற்றமின்மையை நிரூபிக்கும் பாரம் கிடையாது. சாலையில் நடந்து போகிறவனுக்கு அதை ஏற்றுகிறார்.

அவருடைய வாதங்களில் கொஞ்சம் வலுவானது எங்கள் ஊரிலிருந்தே எடுத்தது. பெல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் முப்பது, முப்பத்தைந்து வருஷம் கேட்டில் பாஸ் காட்டித்தான் உள்ளே போனார்கள். மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படைக் காவலர் பையைத் திறக்கச் சொன்னால் திறந்தார்கள். உள்ளே போன நேரமும் வெளியே வந்த நேரமும் பதிவானது. அதனால் யாருடைய மானமும் போய்விடவில்லை. தொழிற்சாலைக்கு நல்லதாக இருந்தது நகரத்துக்கு எப்படிக் கெட்டதாகும் என்று கேட்கிறார்.

ஐயா, அந்த கேட்டுக்கு ஓர் இடம் உண்டு. அங்கே கேட்கிறவர் சீருடையில் கண்ணுக்கு எதிரே நிற்கிறார். உயர் அழுத்தக் கொதிகலன் செய்யும் பொதுத்துறை ஆலையில் எதற்காகச் சோதனை என்பது இருவருக்கும் தெரியும். வேலையில் சேரும்போதே அந்த நிபந்தனையை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபின் அந்தக் காவலர் உங்கள் பின்னாலேயே திருவெறும்பூர் கடைவீதிக்கு வந்ததில்லை. நீங்கள் எந்த டாக்டரிடம் போனீர்கள், யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து யாரைத் திட்டினீர்கள், மாலையில் எந்தக் கட்சிக் கூட்டத்தில் நின்றீர்கள் என்று எழுதி வைத்ததில்லை. பாஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் அன்றைய சோதனை முடிந்தது. முகத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட முடியாது. நகரத்துக் கம்பங்களில் ஏறும் முகமறி கேமரா உங்களிடம் எதையும் கேட்பதில்லை. அது கேட்டதே உங்களுக்குத் தெரியாது. சோதனை எப்போது தொடங்கியது, எப்போது முடியும் என்பதும் தெரியாது.

இன்னொன்றையும் பெரியவர் மறந்துவிட்டார். தொழிற்சாலைக்குள் சோதனை ஓர் எல்லைக்குள் நின்றது தானாக நடந்ததல்ல. எல்லை மீறினால் கேட்பதற்குத் தொழிற்சங்கம் இருந்தது. எந்தத் தொழிற்சங்கத்தின் பிறப்பை எடுத்துப் பார்த்தாலும், முதல் கூட்டத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று நிர்வாகத்துக்குத் தெரியாமல் இருந்ததால்தான் இரண்டாவது கூட்டம் நடந்திருக்கும். அந்த முதல் கூட்டத்துக்குப் போனவர்கள் மறைந்துதான் போனார்கள். அவர்களுடைய மடியில் எந்தக் களவும் இல்லை. இன்று பெரியவர் வாங்கும் ஓய்வுக்காலப் பலன்களில் அவர்கள் மறைத்த முகங்களின் பங்கு இருக்கிறது. ஒவ்வொரு முகத்தையும் பெயரோடு சேர்த்து வைக்கும் ஊரில் அப்படி ஒரு முதல் கூட்டம் நடக்காது. கேமரா யாரையும் தடுக்க வேண்டியதே இல்லை. பதிவாகும் என்று தெரிந்தாலே பாதிப் பேர் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். சுதந்திரம் அப்படித்தான் போகும், லத்தி எதுவும் வேண்டாம்.

அடுத்து, குற்றத் தடுப்பு. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் கூடும் கூட்டத்தைச் சொல்கிறார். அங்கே பிக்பாக்கெட்டைப் பிடிக்கவும் தொலைந்த குழந்தையைக் கண்டுபிடிக்கவும் முகமறி மென்பொருளைவிட்டால் வழியில்லை என்கிறார். திருச்சிக்காரர்கள் யாரும் மறந்திருக்க முடியாத ஒரு திருட்டை அவருக்கு நினைவுபடுத்துகிறேன். 2019 அக்டோபர் 2 விடியற்காலையில் சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகே லலிதா ஜுவல்லரியின் சுவரைத் துளைத்து, சுமார் 13 கோடி ரூபாய் நகைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். கடைக்குள் கேமரா இருந்தது, துல்லியமாகவும் படம் பிடித்தது. படத்தில் தெரிந்தவை பொம்மை முகமூடிகள். வழக்கு எங்கே உடைந்தது? மறுநாள் இரவு திருவாரூரில் வழக்கமான வாகனத் தணிக்கையில் நின்ற போலீஸ்காரர்கள் ஒரு டூவீலரை நிறுத்தினார்கள். பையில் கடையின் அடையாளச் சீட்டோடு நகைகள் இருந்தன. பெரிய திருடன் முகத்தை மூடிக்கொண்டு வருவான். மூடாமல் வருகிறவர்கள் நாம்தான். ஆகவே இந்தக் கேமராக்களில் நாள் முழுக்கச் சேரப்போவது பெரும்பாலும் நம்முடைய முகங்களே.

தொலைந்த குழந்தைகளைப் பற்றி அவர் உருக்கமாக எழுதியிருக்கிறார். அந்த உருக்கத்தை நான் குறை சொல்லவில்லை, அந்தக் கருவியின் யோக்கியதையைச் சொல்கிறேன். காணாமல்போன குழந்தைகளைக் கண்டுபிடிக்கத்தான் தில்லிப் போலீஸும் முகமறி மென்பொருள் வாங்கியது. 2018-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் அதன் துல்லியம் 2 சதவீதத்தைத் தாண்டவில்லை என்று தெரிவிக்கப்பட்டது. மறு வருஷம் ஒன்றிய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகமே 1 சதவீதம்கூட இல்லை, ஆண் குழந்தை எது பெண் குழந்தை எது என்றுகூட அதற்குத் தெரியவில்லை என்று அதே நீதிமன்றத்தில் சொன்னது. குழந்தைகளின் பெயரால் வந்த கருவி பிறகு போராட்டக்காரர்கள் மீது திரும்பியது. 2020 தில்லிக் கலவர வழக்குகளிலும் ஆட்களை அடையாளம் காண அதையே பயன்படுத்தினார்கள். 80 சதவீதம் ஒத்துப்போனால் ஆளைக் கண்டுபிடித்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறோம் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் தில்லிப் போலீஸ் பதில் தந்தது 2022-இல். மீதி 20 சதவீதத்தில் யாருடைய பிள்ளை நிற்கிறான் என்பதற்கு அந்தப் பதிலில் இடமில்லை.

மென்பொருள் இன்னும் மேம்படும் என்பார். மேம்படட்டும். தவறாகக் கைகாட்டும் கருவியைவிடத் தவறாமல் கைகாட்டும் கருவிக்கு நான் அதிகம் அஞ்சுகிறேன். முன்னது அப்பாவியைப் பிடித்துக்கொடுக்கும். பின்னது ஒரு மாவட்டத்தில் யார் யார் எந்த நாளில் எங்கே நின்றார்கள் என்பதை ஒருவர் மேசையில் கொண்டுபோய் வைக்கும்.

கட்டுரையிலேயே என்னை அதிகம் கோபப்படுத்தியது, சரித்திரத்தில் ஒழுக்கமானவர்களை எந்த அரசும் பதிவு செய்து துன்புறுத்தியதில்லை என்ற வரி. தமிழில் எழுதுகிற ஒருவர், அதுவும் காவிரிக்குத் தெற்கே வாழ்கிற ஒருவர், எப்படி இதை எழுதினார்? 1871-இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மக்கள் அதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். ஒருவன் திருடினானா என்ற விசாரணையே அதில் கிடையாது. இன்ன சாதியில் பிறந்தான், ஆகவே கைரேகையைப் பதிவு செய், இரவில் எங்கே படுக்கிறான் என்று கணக்கு வை, ஊர் விட்டு ஊர் போகச் சீட்டு வாங்கச் சொல். உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணோடு சேர்த்துப் பதினாறு பேருக்குக் குறையாமல் செத்தார்கள். அவர்களிடம் யாராவது மடியில் கனமில்லையென்றால் ரேகை வைக்க என்ன பயம் என்று கேட்டிருந்தால், பெரியவர் எழுதிய அதே வாக்கியத்தைத்தான் கேட்டிருப்பார். அந்த மக்கள் எதையும் ஒளிக்கவில்லை. விரலை நீட்டினால் பிறவியிலேயே குற்றவாளி என்று தாங்களே கையெழுத்துப் போட்டதாகும் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. பள்ளிக்கூடம் போகாத அந்த விவசாயிகளுக்குப் புரிந்த அரசியல், பொறியியல் படித்தவருக்குப் புரியவில்லை என்றால் குறை எங்கே இருக்கிறது?

அதெல்லாம் வெள்ளைக்காரன் காலம் என்று தள்ளிவிடவும் முடியாது. பெருங்காமநல்லூரில் சுட்ட அதே 1920-இல்தான் கைதிகள் அடையாளச் சட்டமும் வந்தது. விரல் ரேகை, பாதத் தடம், புகைப்படம் எடுக்க அது அனுமதித்தது. நூறு வருஷம் கழித்து, 2022-இல், சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றம் அதை நீக்கிவிட்டுக் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இப்போது கருவிழி, விழித்திரை, உடற்கூறு மாதிரிகள், கையெழுத்து உள்ளிட்ட நடத்தைக் கூறுகள் வரை எடுக்கலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 75 வருஷம் வைத்திருக்கலாம். விடுதலையானவர் பதிவை அழிக்க வேண்டும் என்று ஒரு விதிவிலக்கு உண்டு. எல்லா மேல்முறையீடும் முடிந்த பிறகுதான் அது. நம் ஊரில் ஒரு வழக்கின் எல்லா மேல்முறையீடும் முடிய எத்தனை காலம் என்பது பெரியவருக்குத் தெரியாதா?

பரம்பரை முத்திரை அழிந்துவிட்டதா என்பதற்கு எங்கும் போக வேண்டாம். நம் திருச்சியின் ராம்ஜி நகரை எடுத்துக்கொள்ளுங்கள். கவனத்தைத் திருப்பித் திருடுகிற கும்பல் என்று வெளிமாநிலப் போலீஸும் பத்திரிகைகளும் அந்தப் பகுதியின் பெயரையே ஒரு குற்றத்தின் பெயராக்கி வைத்திருக்கின்றன. அங்கிருந்து கல்லூரிக்குப் போகும் ஒரு பையன் எதையும் திருடவில்லை. ஆனால் விண்ணப்பத்தில் முகவரி எழுதும்போது அவன் கை தயங்கும். முகமறி மென்பொருளில் யாருடைய படங்கள் முதலில் ஏறும்? ஏற்கெனவே போலீஸ் ஸ்டேஷன் பதிவேட்டில் இருப்பவர்களுடையவை. அந்தப் பதிவேட்டில் யார் அதிகம்? ஏழைகள், சீர்மரபினர், தலித்துகள், முஸ்லிம்கள். கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் வளர்ந்த என் முகத்தைக் கேமரா வணக்கம் போட்டு அனுப்பிவிடும். அந்தப் பையனுடைய முகத்தில் அது நிற்கும். பெரியவர் பயமில்லை என்று எழுதுவதற்கு அவருடைய ஒழுக்கம் காரணமல்ல, அவருடைய முகவரி காரணம்.

தெலங்கானாவின் மேடக்கில் 2023-இல் என்ன நடந்தது என்றும் பார்க்கட்டும். சங்கிலிப் பறிப்பு வழக்கில் கேமராப் பதிவில் தெரிந்தவரைப்போல இருந்தார் என்று ஒரு கூலித் தொழிலாளியைப் பிடித்துப் போனார்கள். காவலில் சித்திரவதை செய்யப்பட்டதாக அவரே சொன்னார். சில நாட்களில் இறந்துபோனார். அவர் மடியில் என்ன கனம் இருந்தது?

அரசு என்றால் யாரோ அந்நியன் அல்ல, நாம் ஓட்டுப் போட்டு வைத்தது, அதை ஏன் சந்தேகிக்க வேண்டும் என்கிறார். 1975-இல் நெருக்கடி நிலை கொண்டுவந்த அரசும் ஓட்டில் வந்ததுதான். அந்த நாட்களில் ஆறேழு மாதம் தமிழ்நாடு மற்ற மாநிலங்களைவிட மூச்சுவிடும் இடமாக இருந்தது. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சியைக் கலைத்தார்கள். உடனே மிசா சட்டத்தில் கைதுகள் தொடங்கின. சென்னை மத்திய சிறையில் அடி விழுந்தது. முன்னாள் மேயர் சிட்டிபாபு அந்த அடியின் விளைவாக இறந்தார். பிறகு நீதிபதி இஸ்மாயில் ஆணையம் அந்தச் சிறைக் கொடுமையை விசாரித்தது. ஒரு மாலைக்கும் மறுநாள் காலைக்கும் இடையில் அதே போலீஸ், அதே சிறை, அதே கோப்புகள் வேறு கைக்கு மாறின. உச்ச நீதிமன்றத்தில் அந்த நெருக்கடி நிலையின்போது, மிசாக் கைதிகள் தொடர்பான ஜபல்பூர் வழக்கில், ஒருவருடைய உயிரையே சட்டவிரோதமாகப் பறித்தாலும் நீதிமன்றத்துக்குப் போக முடியாதா என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டார். நெருக்கடி நிலை உள்ளவரை முடியாது என்று அரசின் தலைமை வழக்கறிஞர் நிரேன் டே பதில் சொன்னார். நான்கு நீதிபதிகள் அரசின் பக்கம் நின்றார்கள். கன்னா மட்டும் மறுத்து எழுதினார்; தலைமை நீதிபதி பதவியை இழந்தார்.

அன்று மிசாவில் அடிபட்டவர்களில் ஒருவர் மு.க. ஸ்டாலின். 2021 அக்டோபரில், சி-டாக் என்ற ஒன்றிய அரசு நிறுவனத்தின் கொல்கத்தா மையம் உருவாக்கிக் கொடுத்த முகமறி மென்பொருளைத் தமிழ்நாட்டுக் காவல்துறைக்குத் தொடங்கி வைத்த முதலமைச்சரும் அவரே. இதை நான் அவர் மீதான பழியாகச் சொல்லவில்லை. அடி வாங்கிய அனுபவம் உள்ளவர்கூட அதிகாரத்தில் உட்கார்ந்தால் அந்தக் கருவியை வேண்டாம் என்று சொல்வதில்லை என்றால், ஆளுடைய நல்ல மனசை நம்பி நாட்டை ஒப்படைக்க முடியாது. எங்கள் ஊர்த் தொழிலிலிருந்தே சொல்கிறேன். 1923-இலிருந்து இந்த நாட்டில் கொதிகலனுக்குச் சட்டம் இருக்கிறது. செய்தவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், பாதுகாப்பு வால்வு இல்லாமல், வெளியாள் வந்து சோதித்துச் சான்று தராமல் அதை ஓட்டக் கூடாது. அழுத்தம் எல்லை தாண்டினால் வால்வு தானே திறக்க வேண்டும், ஆபரேட்டரின் மனநிலையைக் கேட்டுக்கொண்டு அல்ல. ஆயுள் முழுக்க இந்தத் தொழிலின் நடுவே வாழ்ந்தவர், அரசு என்ற கொதிகலனுக்கு மட்டும் வால்வு தேவையில்லை என்று எழுதுகிறார்.

தகவல்கள் பத்திரமாக இருக்கும் என்பது அடுத்த உறுதிமொழி. ஆதார் வழக்கில் 2018 மார்ச்சில் தலைமை வழக்கறிஞர் கே.கே. வேணுகோபால் இதே உறுதியை உச்ச நீதிமன்றத்தில் தந்தார். தகவல் மையத்தைச் சுற்றிய சுவர் 13 அடி உயரம், 5 அடி கனம் என்றார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் சண்டிகரின் தி டிரிப்யூன் நாளிதழ், 500 ரூபாய் கொடுத்தால் யாருடைய ஆதார் விவரத்தையும் பார்க்கும் வசதி கிடைக்கிறது என்று எழுதியிருந்தது. ஆதார் ஆணையம் தந்த புகாரில் போட்ட எஃப்.ஐ.ஆரில் அந்தச் செய்தியாளரின் பெயரும் இருந்தது. நம் மாநிலத்துக்கு வருவோம். 2024 மே மாதம் தமிழ்நாட்டுக் காவல்துறையின் முகமறி தளத்திலிருந்தே தகவல்கள் களவு போய் இணையத்தின் இருட்டுச் சந்தையில் விலைக்கு வந்தன. நிர்வாகக் கணக்கு ஒன்றின் கடவுச்சொல் திருடுபோனது உண்மை என்று காவல்துறையே ஒப்புக்கொண்டது. திருடனைப் பிடிக்க வைத்த கருவியைத் திருடன் திறந்தான். கடவுச்சொல் போனால் மாற்றலாம், வங்கிக் கார்டு போனால் வேறு வாங்கலாம். முகமும் ரேகையும் களவு போனால் பெரியவர் வேறு எதை வாங்கித் தருவார்?

பிறகு ஏழைகளைத் துணைக்கு அழைக்கிறார். சோற்றுக்கு அல்லாடுகிறவனுக்கு அந்தரங்கம் எதற்கு, அது படித்தவர்களின் சொகுசு என்கிறார். இதையே ஒன்றிய அரசு 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் முன் வாதமாக வைத்தது. நீதிபதிகள் அதை முற்றாக நிராகரித்தார்கள். நான் நீதிமன்றத்துக்குப் போகாமல் ரேஷன் கடைக்குப் போகிறேன். துவாக்குடி, திருவெறும்பூர் பக்கம் சிறு பட்டறைகளில் வெல்டராகவும் கிரைண்டராகவும் உழைத்தவர்களின் விரல்களை அவர் பார்த்திருப்பார். ரேகை தேய்ந்து வழவழப்பாகிப்போன விரல்கள். நாற்று நட்ட கையும் அப்படித்தான். கடையில் கருவி வந்தபின் ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். தமிழ்நாட்டில் பதிலாள் வைத்து வாங்கவும், கருவிழிக் கருவி கொண்டுவரவும் பிறகு ஏற்பாடு செய்தார்கள், நல்லது. ஆனால் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில், ஆதார் இணைக்கவில்லை என்று ரேஷன் கார்டை ரத்து செய்த ஒரு வீட்டில் 11 வயதுச் சிறுமி 2017 செப்டம்பரில் இறந்துபோனாள். சோறு கேட்டபடியே இறந்தாள் என்று தாய் சொன்னார். அந்தரங்கம் ஏழைக்குச் சொகுசு என்று எழுதுகிறவர், தன் சோற்றுக்கு ஒரு கருவியின் சம்மதத்தை ஒருநாளும் எதிர்பார்த்து நின்றதில்லை.

அதிகாரிகளின் ஊழலைக் கருவி ஒழிக்கும் என்பதும் பொய். நூறு நாள் வேலைத் திட்டத்தில் தினம் இரண்டு முறை புகைப்படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்று செயலி வைத்தார்கள். வெயிலில் வேலை முடிந்த கிழவிகள் மாலைப் படத்துக்காகக் காத்துக்கிடந்தார்கள். 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது: சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள், படத்தைப் பார்த்துப் படம் எடுக்கிறார்கள் என்று. ஏய்க்கத் தெரிந்தவன் ஏய்த்துக்கொண்டே இருந்தான். தண்டனை கிழவிக்கு.

கூகுளுக்கும் வாட்ஸ்அப்புக்கும் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு அரசிடம் மட்டும் ஒளிப்பதா என்கிறார். அந்த நிறுவனங்கள் செய்வதும் கொள்ளைதான், அதற்கும் கடிவாளம் வேண்டும். ஆனால் வாட்ஸ்அப் என்னைக் கைது செய்ய முடியாது. என் ரேஷனை நிறுத்த முடியாது. என் பாஸ்போர்ட்டை முடக்க முடியாது. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டே மறைத்து எழுதியிருந்தால் அது நேர்மையில்லை.

சட்டத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அந்தரங்கம் என்ற உரிமை அரசியலமைப்பில் எழுதப்படவே இல்லை என்பது மட்டும். 2015-இல் தலைமை வழக்கறிஞராக இருந்த முகுல் ரோத்தகி ஒன்றிய அரசின் சார்பில் உச்ச நீதிமன்றத்தில் சொன்ன வாதம் இது. 2017-இல் ஒருவருக்குத் தன் உடல் மீதே முழு உரிமை இல்லை என்றும் அவர் சொன்னார். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பு எழுதினார்கள். வழக்குப் போட்டவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி. 2012-இல் வழக்குப் போட்டபோது அவருக்கு வயது 86. ஓய்வுக்குப் பிறகு எல்லாவற்றையும் அரசிடம் விட்டுவிடுவதுதான் முதுமைக்கு அழகு என்று அவர் நினைக்கவில்லை. சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு அரசுக்கு நிபந்தனை விதித்தது. 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், ஒரு லஞ்ச வழக்குக்காக 2011-இல் ஒன்றிய உள்துறை பிறப்பித்த ஒட்டுக்கேட்பு ஆணையை இந்த வழியில்தான் ரத்து செய்தார். பொது அவசரமோ பொதுப் பாதுகாப்போ இல்லாமல், சாதாரணக் குற்றத்தைத் துப்பறிவதற்காக ஃபோனை ஒட்டுக்கேட்கச் சட்டம் இடம் தரவில்லை என்றார். யாருடைய ஃபோனையும் கேட்கட்டும் என்று தாராளமாக எழுதியவர் அந்தத் தீர்ப்பைப் படித்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இதில் இன்னும் பழைய சொந்தம் உண்டு. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையிலிருந்து எழுதிய தன் வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட இருந்தபோது, தங்கள் பெயர் வெளியே வரும் என்று பயந்த அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: குடிமகனுக்குத் தனித்து விடப்படும் உரிமை உண்டு, அதிகாரிக்கு, அவருடைய பதவிக் கடமை சார்ந்த செயல்களில், அந்தத் திரை கிடையாது. எவ்வளவு தெளிவான ஏற்பாடு! இதை 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கவிழ்த்துப் போட்டது. ஒன்றிய அரசு தான் விரும்பும் தன் அமைப்புகளுக்கு, நாட்டுப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் காட்டி, அந்தச் சட்டத்திலிருந்தே விலக்கு அளித்துக்கொள்ளலாம். புகாரை விசாரிக்கும் வாரியத்தை நியமிப்பதும் அதே அரசு. அதே சட்டத்தின் 44(3) பிரிவு தகவல் உரிமைச் சட்டத்தில் கை வைத்தது. தனிநபர் விவரம் என்று சொன்னாலே எதையும் மறுக்க இப்போது வழி கிடைத்திருக்கிறது. பொது நலன் இருந்தால் தர வேண்டும் என்று அந்த உட்பிரிவில் இருந்த வாசகத்தைத் தூக்கிவிட்டார்கள். பொது நலன் மேலோங்கினால் தரலாம் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 8(2) பிரிவு இருக்கிறதே என்பார்கள். அதைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்று முதலில் முடிவு செய்வது மறைக்கிற அதிகாரியேதான். பெரியவர் தன் பழமொழியை அரசுக்குச் சொல்லியிருக்க வேண்டும். ரோடு காண்ட்ராக்டில் யார் கையெழுத்துப் போட்டது, ரேஷன் அரிசி எங்கே போனது என்று கேட்டால் தனிநபர் விவரம் என்று மறைத்துக்கொள்கிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வியை, அரிசி வாங்க நிற்பவரிடம் கேட்கிறார்.

எதிர்த்து என்ன ஆகப்போகிறது, காலத்தைத் தடுக்க முடியுமா என்று கட்டுரையின் கடைசியில் சலித்துக்கொள்கிறார். 2025 நவம்பர் கடைசியில், இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு புது ஸ்மார்ட்ஃபோனிலும் சஞ்சார் சாத்தி என்ற அரசுச் செயலியை முன்கூட்டியே ஏற்ற வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. நாடு முழுக்கக் கண்டனம் எழுந்தது. டிசம்பர் 3 அன்று உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். மறைக்க ஒன்றுமில்லை என்று எல்லாரும் சும்மா இருந்திருந்தால் அந்தச் செயலி இன்று பெரியவர் பேரனுடைய ஃபோனிலும் இருந்திருக்கும்.

அடுத்த இதழில் அவர் மறுமொழி எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாராம். எழுதட்டும். அப்போது நான்கு கேள்விகளுக்கு அவர் பதில் வைக்க வேண்டும். ஊரில் எல்லார் முகத்தையும் பதிவு செய்யத் தமிழ்நாட்டுக் காவல்துறைக்கு அதிகாரம் தரும் சட்டம் எது, அதில் எந்தப் பிரிவு? எந்தக் குற்றத்திலும் சிக்காத ஒருவருடைய படம் எத்தனை நாளில் அழிக்கப்படும், அழித்தார்கள் என்று யார் சான்று தருவார்? கருவி தவறாகக் கைகாட்டி ஒருவர் ஸ்டேஷனில் ஓர் இரவு இருந்துவிட்டால் நஷ்டஈடு எவ்வளவு, தருவது யார்? யார் எந்த நாளில் யாரைத் தேடிப் பார்த்தார்கள் என்ற பதிவை நானும் அவரும் விண்ணப்பம் போட்டு வாங்க முடியுமா? பிரிவு எண்ணோடு எழுதினால் அதை வைத்து மேலே பேசலாம்.